ஏற்றுமதியில் எவ்வளவு நம்முடையது?

ஒரு நாடு எந்தத் தொழிலில் ஒப்பீட்டு மேன்மை (பிற நாடுகளோடு ஒப்பிடுகையில் சார்பளவில் கூடுதல் திறன்) பெற்றிருக்கிறது என்பதை அறிய, 1965-இல் பொருளியலாளர் பேலா பலாசா முன்வைத்த குறியீட்டையே இன்றும் பலர் கையாள்கிறார்கள்: நாட்டின் ஏற்றுமதியில் அத்தொழிலுக்குள்ள பங்கை, உலக ஏற்றுமதியில் அதற்குள்ள பங்கால் வகுத்து, விடை ஒன்றைத் தாண்டினால் மேன்மை என்கிறார்கள். உதிரிபாகங்கள் பல எல்லைகளைக் கடந்து வந்து சேரும் இக்காலத்தில் இந்தக் கணக்கு என்னை உறுத்துகிறது. ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி, 2009-இல் ஓர் ஐபோனின் தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 179 டாலர்; அதில் சீனாவில் நடந்த பொருத்தும் பணிக்கு உரியது 6.50 டாலர் மட்டுமே, ஆயினும் முழுத்தொகையும் சீன ஏற்றுமதியாகவே பதிவானது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியும் உலக வர்த்தக அமைப்பும் 2013 முதல் வெளியிட்டுவரும் மதிப்புக்கூட்டு வணிகத் தரவை (ஒரு பொருளின் மதிப்பில் எந்த நாடு எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துக் காட்டும் தரவை) கொண்டு, உள்நாட்டில் உருவான மதிப்பை மட்டும் எடுத்து அக்குறியீட்டைக் கணிப்பதே நேர்மையானது என்று உறுதியாகக் கருதுகிறேன். அப்போதுதான் பொருள்களின் விலைக்குள் மறைந்து பயணிக்கும் வடிவமைப்பு, போக்குவரத்து, நிதி போன்ற சேவைத் துறைகளின் வலிமையும் கண்ணுக்குத் தெரிகிறது.