பிள்ளையின் கணக்கில் பிறந்த வருடம் என்ன?

வளரும் பிள்ளையின் இன்ஸ்டாகிராமைப் பாதுகாப்பாக்க உட்காருகிறீர்கள் என்றால், படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் பிறந்த தேதியைப் பாருங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட் எல்லாவற்றிலும் சேரப் பெரும்பாலான நாடுகளில் குறைந்தபட்ச வயது 13. பத்து, பதினொரு வயதில் சேர்ந்த பிள்ளை வருடத்தை மாற்றிப் போட்டுத்தான் உள்ளே போயிருக்கும். அன்றைக்கு ஏழெட்டு வருடம் கூட்டிப் போட்டிருந்தால், இன்று 14 வயதிலேயே செயலியின் கணக்கில் அது பெரிய ஆள்.

2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம் பதின்ம வயதினருக்கான 'டீன் அக்கவுண்ட்' கொண்டுவந்தது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் அடங்கியிருக்கும். 16 வயதுக்குக் கீழ் இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வயது தவறாகப் பதிவாகியிருந்தால் இதெல்லாம் கைக்கு வராமலே போகலாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதில் பர்சனல் டீடெயில்ஸ், அதில் பர்த்டே என்று போய்த் திருத்துங்கள். சில நேரம் அடையாளச் சான்று கேட்பார்கள். உண்மையிலேயே 13 ஆகவில்லை என்றால் திருத்தியதும் கணக்கு முடக்கப்படலாம். வேண்டிய படங்களை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைவேட் என்றதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பின்தொடர்பவர்கள் பட்டியலில் அறுநூறு பேர் இருந்தால் அந்தப் பூட்டுக்கு அறுநூறு சாவி இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக, "இவரை நேரில் தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். தெரியாதவரை நீக்கினால் அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. புரொஃபைல் படமும் பயோவும் பிரைவேட் கணக்கிலும் எல்லோர் கண்ணிலும் படும். பள்ளிப் பெயர், சீருடைப் படம் இரண்டும் அங்கே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குப் போய், குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். ஆறு இலக்க பின் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் போட்டுவிடுங்கள். ஸ்னாப்சாட்டில் கோஸ்ட் மோட் போட்டால் வரைபடத்தில் இருப்பிடம் தெரியாது. அங்கே படம் மறைந்துவிடும் என்று பிள்ளைகள் நம்புவதுதான் வம்பு. எதிரே இருப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், இன்னொரு போனால் படமும் பிடிக்கலாம்.

ஃபீடில் குப்பை வருகிறது என்று திட்டிப் பயனில்லை. அதிர்ச்சியில் ஒரு வீடியோவை முழுக்கப் பார்த்தாலும் செயலிக்கு அது விருப்பம்தான். உடனே தள்ளிவிடவும், 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுக்கவும் சொல்லிக்கொடுங்கள். எத்தனை மணி நேரம் என்ற தகராறைவிட, போன் இரவில் எங்கே சார்ஜ் ஆகிறது என்பது முக்கியம். படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. அலாரம் வேண்டும் என்று சாக்கு வந்தால் தனிக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் போனில் உளவு செயலி போடுவது என் பார்வையில் வீண் வேலை. கண்டுபிடித்த அன்றே நண்பனின் போனில் இரண்டாவது கணக்கு திறக்கப்படும், அது உங்களுக்குத் தெரியவே வராது. அதற்குப் பதில் ஒரு வாக்குக் கொடுங்கள்: தானாக வந்து சொன்ன விஷயத்துக்காகப் போனைப் பிடுங்க மாட்டோம். மேலே சொன்ன செட்டிங்குகள் அத்தனையையும்விட நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். காரணம், அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் கேட்கும் மிரட்டல்.

ஆண் பிள்ளைகள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். சம வயதுப் பெண் போல ஒரு கணக்கு வரும். வகுப்பில் யாரோ ஒருவர் ஏற்கெனவே சேர்த்திருப்பதால் பொது நண்பர்களும் தெரிவார்கள். பேச்சு சீக்கிரமே வேறு செயலிக்கு மாறும். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஒரு படம் வரும், பதிலுக்கு ஒன்று கேட்பார்கள். அனுப்பிய சில நிமிடத்திலேயே நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் தொகையும் வந்து நிற்கும். படமே அனுப்பாத பிள்ளையின் முகத்தை ஏஐ மூலம் ஒட்டி மிரட்டுவதும் நடக்கிறது.

பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். பயத்தில் உரையாடலையோ கணக்கையோ அழித்தால் சாட்சியமும் போய்விடும். முதலில் பயனர் பெயர், புரொஃபைல் லிங்க், மிரட்டல் செய்தி, பணம் அனுப்பச் சொன்ன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு செயலியில் ரிப்போர்ட் செய்து, அதன் பின் பிளாக் செய்யுங்கள். காவல்துறையிலும் புகார் கொடுங்கள். பிள்ளை அனுப்பிய அந்தப் படத்தை மட்டும் 'ஆதாரம்' என்று உங்கள் போனுக்கோ உறவினருக்கோ அனுப்பிவிடாதீர்கள். சிறார் ஆபாசப் படத்தைப் பகிர்வது பல நாடுகளில் குற்றம், பெற்றோர் என்றாலும் சட்டச் சிக்கல் வரலாம்.

18 வயதுக்குக் கீழ் எடுத்த படமென்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் சாதனத்தை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு, அதாவது டிஜிட்டல் கைரேகை மட்டும் உருவாகி, சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். அதை வைத்து அவை படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வெட்டியோ திருத்தியோ மாற்றிய படத்துக்குக் கைரேகை வேறு என்பதால், அந்த வடிவம் கையில் இருந்தால் அதையும் தனியாகப் பதிய வேண்டும். பேசுபவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த தனி உரையாடல்களுக்குள் இது எட்டாது.

பிள்ளை வந்து சொன்னதும் விசாரணை வேண்டாம், "நல்லவேளை சொன்னாய், சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்" போதும். ஏன் அனுப்பினாய் என்ற கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இந்த அவமானத்தில் உயிரை விட்ட பிள்ளைகள் உண்டு, ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் தனியாக விடாதீர்கள். அந்த நாட்களில் புதுப் பெயர்களில் செய்தி வரக்கூடும். எதற்கும் பதில் போடாமல், ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்துகொண்டே இருங்கள்.