தாய்லாந்தின் பேறுகால வழக்கங்கள்: தீ, உப்புச்சட்டி, க்வன்

பழைய முறைப்படி பிள்ளை பெற்ற தாய்லாந்துப் பெண் முதலில் செய்வது தீயருகே படுப்பதுதான். இதை 'யூ ஃபாய்' என்பார்கள். நிலம், நீர், காற்று, தீ ஆகிய நான்கும் சேர்ந்ததே உடம்பு. பிரசவத்தில் இரத்தம் போகும்போது தீயும் குறைந்துபோகிறது. அதை வெளியிலிருந்து திருப்பிக் கொடுக்காவிட்டால் கருப்பை சுருங்காது, அழுக்கு இரத்தம் தங்கிவிடும், வயதான பிறகு குளிர்காற்று பட்டாலே மூட்டு வலிக்கும். இதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

தீ மூட்ட இரண்டு வழி உண்டு. மூங்கில் கட்டிலின் அடியில் தீயை வைப்பது ஒன்று. தரையில் பலகை போட்டு அவளைப் படுக்க வைத்து, பக்கவாட்டில் தீ வளர்ப்பது இன்னொன்று. விறகுக்குப் புளியமரம் விரும்பப்படும். பொறி தெறிக்காமல் நின்று எரிய வேண்டும் என்பதே தேர்வுக்கான அளவுகோல். நாள் கணக்கு எப்போதும் ஒற்றைப்படை: 7, 9, 11, 15 என்று போகும். தலைப்பிள்ளைக்கு நாள் கூடும். வடக்கே ஒரு மாதம் முழுக்க அடைந்திருப்பதும் உண்டு. அந்த நாட்களில் வெந்நீர்தான் குடிக்க, மூலிகை போட்ட வெந்நீர்தான் குளிக்க. குளிர்ந்தது எதுவும் கிட்டே வரக்கூடாது.

இதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் மூடநம்பிக்கை என்று தள்ளுவது சரியில்லை. வயல் வேலையிலிருந்து பல நாள் ஓய்வு, சூடான உணவு, கூடவே துணைக்கு ஒரு பெண்: பச்சை உடம்புக்கு இவை மூன்றும் தேவை. ஆனால் கருப்பை தீயினால் சுருங்குவதில்லை. அது தானாகவே ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வருகிறது. தாய்ப்பால் கொடுப்பது அதை விரைவுபடுத்துகிறது. வியர்த்துக் கொட்டும்போது போதிய தண்ணீர் உள்ளே போகாவிட்டால் நீர்ச்சத்து வற்றும், பாலும் குறையும். மூடிய அறையில் கரி எரித்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். பக்கத்தில் கிடக்கும் குழந்தையை அது முதலில் பாதிக்கும். சோறும் உப்பும் கருவாடும் மட்டும் தின்ற காலத்தில் தாயின் உடல் தேறவே நாளாகும். மூலிகை ஊறிய சாராயம் குடிக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். அது பாலில் கலந்து குழந்தைக்குப் போகிறது.

அமெரிக்க மிஷனரி மருத்துவர் டான் பீச் பிராட்லி தீயருகே கிடத்தும் இந்த வழக்கத்தைக் கண்டித்து 1842இலேயே அந்நாட்டு மொழியில் மகப்பேறு நூல் ஒன்றை அச்சிட்டார். பெரிதாக எதுவும் மாறவில்லை. பாங்காக்கில் 1888இல் சிறிராஜ் மருத்துவமனை திறந்த பிறகும், தீ இல்லாத பிரசவத்தைப் பெண்கள் நம்பவில்லை. தாய்லாந்து மன்னர் ஐந்தாம் ராமரின் அரசி சவோவபா தீயைக் கைவிட்டு நடந்து காட்டியது எந்த நூலையும்விட அதிகம் பேசியது.

தீக்கட்டில் இன்று அரிது. அதன் இடத்தில் நிற்பது உப்புச்சட்டி, 'தப் மோ க்ளுவா'. சிறிய மண்சட்டியில் கல்லுப்பை நிரப்பி மூடி, உப்பு வெடிக்கும் சத்தம் கேட்கும்வரை அடுப்பில் சுட வைப்பார்கள். 'ப்ளாய்' என்ற இஞ்சி இனக் கிழங்கு, மஞ்சள், கற்பூரம் எல்லாம் இடித்துத் துணியில் பரப்பி, அதன்மேல் சட்டியை வைத்து, துணியின் நான்கு முனையையும் கைப்பிடிபோல் முடிச்சிடுவார்கள். அதைக் கொண்டு அடிவயிறு, இடுப்பு, தொடை என்று மெல்ல அழுத்தி நகர்த்துவார்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் வெந்துவிடும். சுகப்பிரசவம் என்றால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தொடங்கலாம். அறுவைப் பிரசவம் என்றால் 30 முதல் 45 நாள் பொறுக்க வேண்டும். காய்ச்சல் இருந்தாலும், இரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலும், சாப்பிட்டவுடனும் செய்யக் கூடாது.

பால் சுரக்க 'கேங் லியாங்' என்ற குழம்பு. சின்ன வெங்காயம், மிளகு, உலர்ந்த இறால், இறால் விழுது ஆகியவற்றை இடித்துக் கரைத்து, வாழைப்பூ, பீர்க்கங்காய், பூசணிக்காய் போட்டு, எலுமிச்சை வாசம் வீசும் துளசி வகை ஒன்றைக் கடைசியில் சேர்ப்பார்கள். மிளகுதான் இதன் காரம். உடம்பைச் சூடாக்குவது மிளகு என்பது அவர்களுடைய கணக்கு.

சூட்டுக்கு அடுத்து, பேய். 'க்ராசூ' என்பது தலையும் குடலுமாக இரவில் மிதந்து வரும் பெண்பேய். பிரசவ இரத்தத்தின் வாடை அதை இழுக்கும் என்பதால், கால்நட்டு உயர்த்திய வீட்டின் அடியில் இலந்தை முள்ளைக் குவித்து வைப்பார்கள். குடல் முள்ளில் மாட்டிக்கொள்ளும் என்று அது வராது. நஞ்சுக்கொடியை உப்போடு சட்டியில் இட்டுப் புதைப்பார்கள். கர்ப்பிணி இழவு வீட்டுக்குப் போவதில்லை. போயே ஆக வேண்டுமென்றால் வயிற்றின்மேல் சட்டையில் ஒரு ஊக்கைக் குத்திக்கொள்வாள். கிரகணத்தன்றும் இதே ஊக்கு. நகரத்தில் படித்த பெண்களிடமும் இது இருக்கிறது, செலவில்லை, தீங்கில்லை.

கருவோடு இறந்தவளின் ஆவியை எல்லாவற்றிலும் கொடியதாக நினைக்கிறார்கள். பாங்காக்கின் வாட் மகாபுத் கோயிலில் அப்படி இறந்ததாகச் சொல்லப்படும் மே நாக் என்ற பெண்ணின் சன்னதிக்குப் பட்டு உடையும் குழந்தைப் பொம்மையும் குவிவது இதனால்தான். பிள்ளைப்பேற்றில் இறந்தவளிடமே பிள்ளை வரம் கேட்கிறார்கள். அந்த வேண்டுதலில் பயத்தைவிடப் பரிவு அதிகம் என்று நினைக்கிறேன்.

பிறந்த குழந்தை முதல் மூன்று நாள் மனிதர்களுக்குச் சொந்தமில்லை. 'மூன்று நாள் பேயின் பிள்ளை, நான்காம் நாள் மனிதப் பிள்ளை' என்பது பழமொழி. மருத்துவச்சி குழந்தையை வட்ட முறத்தில் கிடத்தி மெல்ல அசைத்து, 'யாருடைய பிள்ளை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கூவுவாள். உறவுக்காரி ஒருத்தி சில்லறைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வாள். விலைக்கு வாங்கியதைப் பேய் திரும்பக் கேட்க முடியாது. குழந்தையை அழகு என்று புகழக் கூடாது, 'அசிங்கமா இருக்கு' என்றுதான் கொஞ்ச வேண்டும் என்பதும், பன்றி, தவளை என்று செல்லப்பெயர் வைப்பதும் இதே காரணத்தால்தான். தூக்கத்தில் குழந்தை சிரித்தால், குழந்தையைக் காக்கும் தேவதையான 'மே சூ' விளையாட்டுக் காட்டுகிறாள் என்பார்கள். ஏழு கிழமைக்கும் ஏழு மே சூ உண்டு: ஞாயிற்றுக்குச் சிங்கத்தலை, திங்களுக்குக் குதிரைத்தலை, புதனுக்கு யானைத்தலை, சனிக்குப் புலித்தலை. பாங்காக்கின் வாட் போ கோயிலில் இவர்களின் ஓவியங்கள் இருக்கின்றன.

ஒரு மாதம் ஆனதும் முதல் முடியை மழித்து, இலையில் வைத்து ஆற்றில் விடுவார்கள். மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி 'க்வன்' என்னும் உயிர்ச்சாரத்தை உடம்போடு இருத்துவார்கள். முன்பு உச்சியில் குடுமி விட்டு, 11 அல்லது 13 வயதில் களைந்தார்கள். இன்றும் பாங்காக்கின் பிராமணர் கோயிலான தேவஸ்தானில் அந்தச் சடங்கு நடக்கிறது. மார்கழித் திருவெம்பாவையின் வழிவந்த திரியம்பவாய் விழாவும் அவர்களுடையதே.

பச்சிளம் குழந்தைக்குச் சில நாளிலேயே மசித்த வாழைப்பழம் ஊட்டும் வழக்கத்தை மட்டும் எந்த மரியாதையும் இன்றி எதிர்க்க வேண்டும். பிஞ்சுக் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். வயிற்று உப்புசத்துக்கு, சாராயத்தில் கரைத்த பெருங்காயத்தை அவர்கள் குழந்தையின் வயிற்றிலும் உள்ளங்காலிலும் தடவுவார்கள். அது வெளிப்பூச்சு மட்டும். வாய்க்குள் போகக் கூடாது.

பெயர் வைப்பதில் கிழமைக்குக் கிழமை விலக்கப்பட்ட எழுத்துகள் உண்டு. திங்களில் பிறந்தவரின் பெயரில் உயிர்க்குறிகள் வரக் கூடாது, செவ்வாய்க்குக் ககர வரிசை கூடாது. புதனில் மாலைக்குப் பிறகு பிறந்தால் ராகுவின் கணக்கு, அதற்குத் தனிப் பட்டியல். ஜோதிடரிடமோ பிக்குவிடமோ கேட்பவர்கள் நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். பிறப்பைப் பதிவாளரிடம் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால் பெயர் தேடலை அதற்குமேல் தள்ளிப்போடுவது உதவாது.