எஃப் மைனர் எங்க இருந்து வந்தது?

திருகோணமலை உவர்மலையில பின்னேரத்தில பிள்ளைகளுக்கு கீபோர்ட் சொல்லிக்குடுக்கிறன், மே தொடங்கி செப்டம்பர் மட்டும் சீசன் எண்டா நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்ல இரவில வாசிப்பு. ரெண்டு இடத்திலயும் வாற கேள்வி ஒண்டுதான், சீ மேஜர் பாட்டுக்குள்ள எஃப் மைனர் கோர்ட், அதாவது சேர்த்து அமத்திற அந்தச் சுரக்கூட்டம், எங்க இருந்து வந்தது?

தியறியில இதுக்குப் பேர் பாரோட் கோர்ட், கடன் வாங்கின கோர்ட், சீ மைனர்ல இருக்கிறதை எடுத்து சீ மேஜருக்குள்ள போடுறது. உடன பிள்ளைகள் "மைனர் எண்டா ஏ மைனர்தானே சேர்" எண்டுவினம். அது ரிலேட்டிவ் மைனர், அதே ஏழு சுரம், அங்க போய் புதுசா என்னத்த எடுக்கிறது? எங்களுக்கு வேணுமெண்டது அதே சீயில தொடங்கிற பேரலல் மைனர். கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளையெண்டா லேசு, சீ மேஜர்தான் சங்கராபரணம், அதின்ட தைவதத்தை (ஏ) ஸவா வச்சா வாற நடபைரவி ஏ மைனர், ஸவை அசைக்காமலே நடபைரவி பாடினா சீ மைனர்.

ஆனா அப்பிடிப்பட்ட பிள்ளை ஒண்டுதான் என்னை மடக்கினதும். எஃப் மைனருக்கு ஏ மட்டும்தானே ஏ பிளாட்டா இறங்குது, காந்தாரமும் (ஈ) நிஷாதமும் (பி) அசையேல்ல, அப்ப அது தைவதம் மட்டும் இறங்கின சரசாங்கி ராகம் எல்லோ சேர்? நியாயம்தான். பி பிளாட் கோர்ட்டையும் சீ மைனர்ல இருந்து எண்டும் சொல்லலாம், நிஷாதம் மட்டும் இறங்கின மிக்ஸோலிடியன், அதுதான் எங்கட அரிகாம்போதி, அதில இருந்து எண்டும் சொல்லலாம். ஏ பிளாட் மேஜர் வந்தாத்தான் காந்தாரமும் சேர்ந்து இறங்கும், அங்க மைனர் எண்டா நான் சண்டைக்குப் போகமாட்டன். டீ மேஜரை மட்டும் இந்தக் கூட்டத்தில சேர்க்காதேங்கோ, அதின்ட எஃப் ஷார்ப் சீ மைனர்லயும் இல்ல, அது ஜீக்குத் தள்ளிவிட வாற செகண்டரி டொமினன்ட்.

ஹோட்டல்ல இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்ல, நம்பர்தான் சோறு போடும், ரூட்டை ஒண்டு எண்டு வச்சு எண்ணினா சீக்கு எஃப் நாலு, பி பிளாட் பிளாட் செவன். பாடுற அக்காக்கு தொண்டை கட்டினா "தம்பி அரை சுருதி இறக்குங்கோ" எண்டுவா, சீ பாட்டு பீக்கு இறங்கும், எஃப் மைனர் எண்டு பாடமாக்கினவன் அதில முழிப்பான், ஃபோர் மைனர் எண்டு மனசில வச்சிருக்கிறவனுக்கு கை தானா ஈ மைனருக்குப் போயிடும். பேஸ் அடிக்கிற அண்ணாக்கு தியறி தெரியாது, ஆனா "பிளாட் செவன்" எண்டு கத்தினா ரூட்ல இருந்து ரெண்டு ஃபிரெட் கீழ இறங்கிடுவார், அது காணும். ஃபோர் மைனருக்கு அவர் வச்ச பேர் "அழுற நாலு". இப்ப வகுப்பிலயும் அதுதான் ஓடுது, சோதினைப் பேப்பர்ல மட்டும் சின்ன எழுத்து ரோமன் நாலு போடுங்கோ எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.