சண்டையை விட்ட மீன்கள்

நேற்று விடியற்காலை காசிமேட்டில் ஒரு அக்காவின் கூடையில் கிளிமீன் கிடந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். பல்லெல்லாம் ஒட்டி, கிளி அலகு மாதிரியே இருந்தது. "பாறையைச் சுரண்டித் தின்னும்பா" என்றார்.

கடல் சூடேறினால் பவளம் தன்னுள் இருக்கும் பாசியை இழந்து வெளுக்கும். செத்தால் மேலே வேறு பாசி படரும். கிளிமீனுக்கு அது தீனி. ஆனால் வண்ணத்துப்பூச்சி மீன்கள் பலவற்றுக்கு உயிருள்ள பவளம்தான் சோறு. ஜோடியாகச் சுற்றி, மேய வரும் மற்ற மீன்களை விரட்டும். 2016-இல் பவளம் வெளுத்த பிறகு, ஆய்வாளர்கள் கவனித்த பவளப்பாறைகளில் அந்தச் சண்டை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பாவம், விரட்டத் தெம்பில்லாமல் போயிருக்க வேண்டும். அதே வருஷம் நம்ம மன்னார் வளைகுடாவிலும் பவளம் வெளுத்தது.

அப்புறம் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனேன். கடைத் தொட்டியில் ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன், வெறும் கல்லைக் கொத்திக்கொண்டே இருந்தது.