தாதியருக்கான ஆங்கிலத் தேர்வு: ஐ.இ.எல்.டி.எஸ் எடுப்பதா, ஓ.இ.டி எடுப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களிலிருந்து தாதிமை டிப்ளோமா முடித்து, சில வருடம் வார்டில் நின்ற பிள்ளைகள் வெளிநாடு போக நினைத்ததும் முதலில் கேட்பது, "ஐ.இ.எல்.டி.எஸ் (பொது ஆங்கிலத் தேர்வு), ஓ.இ.டி (மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வு) இரண்டில் எந்தத் தேர்வு சுலபம்?" என்பதைத்தான். அதற்கு முன் முடிவாக வேண்டியது எந்த நாட்டுத் தாதியர் மன்றத்தில் பதியப் போகிறீர்கள் என்பது. மதிப்பெண்ணை ஏற்பதும் தள்ளுவதும் அந்த மன்றம்தான், ஏஜெண்டு அல்ல. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்மில் ஆங்கிலத்துக்கு ஏ, மூவெட் என்ற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் நல்ல பேண்ட் (மதிப்பெண் நிலை) என்பதெல்லாம் அங்கே இந்தத் தேர்வுகளுக்கு ஈடாகாது. சவூதி, துபாய் பக்கம் போகிறவர்களிடம் பெரும்பாலும் கேட்பது புரோமெட்ரிக் எனும் தாதிமைத் துறைத்தேர்வு. அவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ், ஓ.இ.டிக்குப் பணம் கட்டும் முன் நன்றாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் இப்போது ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கின்றன. ஐ.இ.எல்.டி.எஸ் என்றால் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. ஓ.இ.டி என்றால் அந்த மூன்றிலும் பி, அதாவது 350. எழுத்தில் சி பிளஸ், அதாவது 300. ஆஸ்திரேலியா எழுத்துக்கான அளவை 2025 மார்ச்சில்தான் இப்படி இறக்கியது. பழைய வழிகாட்டிகளில் நான்கிலும் 7 என்று இன்னும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 7, 7, 7, 6.5 வாங்கினால் சராசரி 6.875, ஐ.இ.எல்.டி.எஸ் அதை 7 என்றே எழுதும். ஆக, மொத்தப் பேண்டுக்கென்று (நான்கின் சராசரி) தனியாகக் கவலை தேவையில்லை.

ஐ.இ.எல்.டி.எஸ்ஸில் பதியும்போது அகாடமிக் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஜெனரல் டிரெயினிங் சுலபம் என்று யாராவது சொல்வார்கள்; தாதியர் பதிவுக்கு அது செல்லாது. கட்டிய பணம் போனது போனதுதான்.

இனி எது சுலபம் என்ற கேள்வி. ஓ.இ.டி மருத்துவத் துறைக்கென்றே உள்ள தேர்வு, அதனால் நமக்கு எளிது என்ற பேச்சு பாதிதான் உண்மை. எழுத்தும் பேச்சும் மட்டுமே தாதிமைக்கென்று தனியாக வரும். கேட்டலும் வாசித்தலும் டாக்டர், பல் மருத்துவர், பார்மசிஸ்ட் எல்லாருக்கும் பொது. நம் ஊர் வார்டில் மக்சிக்கிடம் மலாய் பேசுகிறோம், பாட்டியிடம் தமிழ் பேசுகிறோம். ஆங்கிலம் டாக்டரோடும் ஃபைலோடும் நின்றுவிடுகிறது. ஓ.இ.டி பேச்சுத் தேர்விலோ எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். மருந்து வேண்டாம் என்று அடம்பிடிப்பார், அறுவை சிகிச்சைக்குப் பயந்து அழுவார். அவரை ஆங்கிலத்தில் தேற்ற வேண்டும். வியாதிப் பெயர் எல்லாம் வாயில் வரும், ஆறுதல் சொல்ல ஒரு வரி வராது. தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு நடிப்புப் பேச்சு, ஒவ்வொன்றும் 5 நிமிடம். அதற்கு முன் அட்டையைப் படித்துத் தயாராக 3 நிமிடம் தருவார்கள். உச்சரிப்பு, இலக்கணத்தோடு நோயாளியின் கவலையைக் கேட்டறிந்தீர்களா, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரித்துவிட்டு விளக்கினீர்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அட்டையில் இருக்கும் குறிப்புகளை வரிசையாக ஒப்பித்து முடித்தால் பி கிடைப்பது கஷ்டம். பயிற்சிக்குத் தோழி ஒருத்தி போதும். ஆனால் அவள் சும்மா தலையாட்டாமல் எதிர்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.

ஓ.இ.டி எழுத்து 45 நிமிடம். முதல் 5 நிமிடம் குறிப்புகளைப் படிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம், பெரும்பாலும் வேறொரு தாதிக்கோ டாக்டருக்கோ நோயாளியை ஒப்படைப்பது. அனுபவசாலிகள் கோட்டை விடுவதும் இதில் நடக்கிறது. "எழுதாதது செய்யாததற்குச் சமம்" என்று பயிற்சிக் கல்லூரியில் மண்டையில் ஏற்றிவிட்டார்கள், அந்தப் பழக்கத்தில் குறிப்பில் உள்ள அத்தனையையும் கொட்டிவிடுகிறார்கள். கடிதத்தைப் படிப்பவருக்கு எது தேவை என்று பொறுக்கி எடுப்பதற்குத்தான் மதிப்பெண். வீட்டில் போய் புண்ணுக்குக் கட்டு மாற்றப்போகும் தாதிக்கு, பத்து வருடத்துக்கு முன் நடந்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் எதற்கு? எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். பெறுபவர் மருத்துவத் துறைக்காரர் இல்லையென்றால் பி.டி (தினம் இரு முறை), டி.டி.எஸ் (தினம் மூன்று முறை) போன்ற சுருக்கங்களை விரித்து எழுத வேண்டும்.

ஐ.இ.எல்.டி.எஸ் எழுத்து 60 நிமிடம், இரண்டு பகுதி. வரைபடத்தை விவரிக்க 150 சொல், கட்டுரைக்கு 250 சொல். கட்டுரைக்கு இரட்டிப்பு எடை என்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். தலைப்பு நகரமயமாக்கலாகவோ பள்ளிச் சீருடையாகவோ இருக்கும். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பிறகு நேராகத் தாதிமைக் கல்லூரி என்று வந்தவர்களுக்கு வாதக் கட்டுரை எழுதி ரொம்ப நாளாகியிருக்கும். எழுத்து 6-லேயே சிக்கி நிற்பவர்களுக்கு ஓ.இ.டி கடிதம் பெரும்பாலும் நல்ல மாற்று. பேச்சில் தயக்கம், ஆனால் வாசிப்பில் வேகம் உண்டு என்றால் ஐ.இ.எல்.டி.எஸ்ஸிலேயே இருங்கள். அதில் பேச்சு 11 முதல் 14 நிமிடம், உங்கள் ஊர், வேலை, கருத்து பற்றியது. யாரையும் தேற்ற வேண்டியதில்லை. வாசிப்பில் 40 கேள்வியில் சுமார் 30 சரியானால் 7.

எழுத்துக்கூட்டலில் ஒரு பொறி இருக்கிறது. கிளினிக், டாக்டர், ஆக்சிஜன், ஆஸ்துமா எல்லாவற்றையும் மலாய் முறையில் எழுதியே கை பழகியிருக்கும். ஐ.இ.எல்.டி.எஸ் கேட்டலில் எழுத்துப்பிழை என்றால் அந்த விடை போச்சு.

பணக் கணக்குக்கு வருவோம். ஓ.இ.டி கட்டணம் ஐ.இ.எல்.டி.எஸ்ஸைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே தடவையில் நான்கும் வராமல் போவது சகஜம் என்பதால் இரண்டு தடவைக்கான பணத்தை வைத்தே முடிவெடுங்கள். பிரிட்டனின் தாதியர் மன்றமான என்.எம்.சி, 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்க்கும். ஆனால் எந்தத் தடவையும் கேட்டல், வாசித்தல், பேசுதல் 6.5-க்கும் எழுத்து 6-க்கும் கீழே போயிருக்கக் கூடாது. ஓ.இ.டியில் அதே எல்லை மூன்றுக்கும் சி பிளஸ், எழுத்துக்கு சி. உதாரணமாக, முதல் தடவை எழுத்து மட்டும் 6, மற்றவை 7. இரண்டாம் தடவை எழுத்து 6.5, வாசிப்பு 6.5, மற்றவை 7. சேர்த்தால் தேறிவிட்டீர்கள். ஒரு தடவை ஐ.இ.எல்.டி.எஸ், மறு தடவை ஓ.இ.டி என்று கலக்க முடியாது. அதனால் நூலிழையில் தவறவிட்டவர்கள் கோபத்தில் தேர்வை மாற்ற வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனித் தலைவலி உண்டு. கடப்பிதழில் ஏ/பி (இன்னார் மகள்), ஏ/எல் (இன்னார் மகன்) இருக்கும், குடும்பப்பெயர் என்று தனியாக இருக்காது. இணையப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும், சில சமயம் சாய்கோட்டையும் ஏற்காது. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, தேர்வு, மன்றம், விசா எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். சந்தேகமிருந்தால் பதியும் முன்பே தேர்வு மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கடப்பிதழ் எண் கொடுத்துப் பதிந்துவிட்டுத் தேர்வன்று காலை அடையாள அட்டையோடு போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள்.

ஈப்போவில் தேதி கிடைத்தால் நல்லது. கோலாலம்பூர்தான் என்றால் முதல் நாளே இ.டி.எஸ் ரயில் பிடித்துப் போய்த் தங்குங்கள், இரவுப் பணி முடிந்த கையோடு கிளம்ப வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ் பேச்சுத் தேர்வு வேறொரு நாளில் விழக்கூடும். பதியும்போதே ஒரே நாளில் கிடைக்குமா என்று பாருங்கள், இல்லையென்றால் லீவும் ரயில் டிக்கெட்டும் இரண்டு முறை.

மதிப்பெண்ணின் ஆயுள் 2 வருடம். மலேசியத் தாதியர் வாரியத்திலிருந்து வாங்க வேண்டிய பதிவுச் சான்று, கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், வேலையிடக் கடிதம் எல்லாம் நேரம் எடுப்பவை. தேர்வுக்குப் பதியும் வாரத்திலேயே அந்த விண்ணப்பங்களையும் அனுப்பிவிடுங்கள்; மருத்துவமனையோடு ஒப்பந்தக் காலம் பாக்கி இருப்பவர்கள், அது முடிவதற்கு 2 வருடத்துக்கு மேல் இருந்தால், தேர்வுப் பணத்தை இப்போதே கட்ட வேண்டியதில்லை.