தொப்பும்படி துறைமுகத்தில் சுறா அளந்த அனுபவம்

கொச்சி தொப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் வந்து இறங்கும் சுறாக்களை அளந்து பதிவு செய்வதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் களப்பணி. இதே மாதிரி வேலையைத் தொடங்கப்போகும் மாணவர்கள் சிலர், எங்கிருந்து ஆரம்பிப்பது, எதையெல்லாம் குறித்துக்கொள்வது என்று கேட்டிருந்தார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் கொச்சி என்றால், தூத்தூர்க்காரர்கள் கரை பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை ஊர்க்காரர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் இந்தியாவிலேயே பேர் பெற்றவர்கள். ஒரே நீளக் கயிற்றில் நிறையக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலோடு புறப்பட்டால் மாதக்கணக்கில் கடலில் இருப்பார்கள். லட்சத்தீவைத் தாண்டி மேற்கே, வடக்கே குஜராத் வரை போவார்கள். கரையோர மீனவரின் வலையில் ஒருபோதும் விழாத சுறாக்கள் அவர்கள் படகில் வரும். பேச்சும் நம் பேச்சு. எனக்கு மலையாளம் தடுமாற்றம்தான், அதனால் அது பெரிய உதவி.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நேரம் உங்களுடையதல்ல. படகிலிருந்து இறக்கி, தரையில் வரிசையாகப் போட்டு, ஏலம் முடிந்து வண்டியில் ஏறும் வரை கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாமே. வாங்கியவர் அங்கேயே வெட்டச் சொன்னால் உள்ளுறுப்பைப் பார்க்கலாம். முழுசாக ஏற்றிவிட்டால் போனது போனதுதான். துறைத் தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் உண்மையான அனுமதியைத் தருவது தரகரும் வெட்டுக்காரரும்தான். ஏலம் கூவும்போது நடுவில் போய் டேப் நீட்டக்கூடாது. ஈரத்தரையில் மீனைப் புரட்டிவிட ஒரு கை கொடுத்தால் அடுத்த தடவை அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

அளப்பதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். டேப்பை உடம்பின் வளைவு மேல் போடாமல், தரையில் நேராகப் பிடித்து அளக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் குழி வரை ஒன்று, வால் கவை வரை ஒன்று, வால் நுனி வரை ஒன்று என மூன்று அளவு. முழு நீளம் எடுக்கும்போது வாலை இயல்பாகக் கிடக்க விட்டால் ஓர் எண், இழுத்து நேராக்கினால் வேறோர் எண் வரும். எந்த முறை என்று படிவத்திலேயே எழுதாவிட்டால் அந்த எண்ணை இன்னொருவர் ஆய்வோடு ஒப்பிடவே முடியாது. வால் அறுபட்ட சுறா வந்தால் முதல் அளவுதான் கைகொடுக்கும்.

அப்புறம் இனம் கண்டுபிடிப்பது. சுத்தியல் போன்ற தலை கொண்ட கொம்பன் சுறாவை யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் அதிலேயே சில வகைகள் உண்டு, தலையின் முன்விளிம்பு நடுவில் உள்வாங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாம்பல் நிறச் சுறாக்கள்தான் உண்மையான சோதனை. சில்க்கி சுறா என்றால் முதல் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்புக்குப் பின்னால் தள்ளித் தொடங்கும், இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கும் நடுவில் மெல்லிய வரப்பு ஒன்று ஓடும், இரண்டாம் துடுப்பின் பின்நுனி நீண்டு தொங்கும். அந்த வரப்பைக் கண்ணால் தேடுவதைவிட விரலால் தடவினால் சட்டென்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் துடுப்பில் சின்னத் துண்டு வெட்டி எத்தனாலில் போட்டுக்கொள்ளுங்கள், மரபணுவைப் பார்த்து உறுதி செய்யலாம். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதை ஆய்வு தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

செத்த சுறாவை வைத்து அதன் நடத்தையை என்ன ஆராய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தால் அந்த உடம்பு நிறையச் சொல்லும். கொம்பன் சுறாவின் தலைக்கு அடிப்பக்கம் ஊசி குத்தியது போல நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் ஒவ்வொரு துளையிலிருந்தும் கண்ணாடி மாதிரி ஒரு பசை கசிந்து வரும். இத்தாலியரான ஸ்டெபனோ லொரென்சினி 1678-லேயே விவரித்த உறுப்பு இது. மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையின் உடலிலிருந்து வரும் மிக நுண்ணிய மின்புலத்தைக்கூடச் சுறா இதை வைத்துத்தான் உணர்கிறது. பாடத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்தப் பசை விரலில் ஒட்டியபோதுதான் அந்தத் தலை ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது என்பது எனக்கு மனதில் பதிந்தது.

பெண் சுறாவின் விலாவில் புதிய பல்தடங்கள் இருந்தால் அது இணை சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை என்று ஊகிக்கலாம். ஆண் கடித்துப் பிடித்துக்கொண்டுதான் சேரும். ஆண் சுறாவின் இடுப்புத் துடுப்பை ஒட்டி இருக்கும், இணைசேர உதவும் கிளாஸ்பர் உறுப்பை வளைத்துப் பார்த்தால், வளைந்து கொடுத்தால் இளசு, உள்ளே சுண்ணமேறி விறைத்திருந்தால் பருவம் அடைந்தது. சில்க்கி போன்ற சுறாக்களின் குட்டிகளுக்குத் தொப்புள்கொடி உண்டு. மார்புத் துடுப்புகளுக்கு நடுவில் அந்தத் தழும்பு இன்னும் மூடாமல் இருக்கும் குட்டி வந்தால், உடனே படகுக்காரரிடம் அதை எங்கே பிடித்தார்கள் என்று கேளுங்கள். அது பிறந்த இடம் அங்கிருந்து அதிக தூரம் இருக்காது. எந்தக் கடற்பகுதியைக் காக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட நேரடியான சான்று நமக்குக் கிடைப்பது அரிது.

இரைப்பை காலியாக இருந்தால் சுறா பட்டினியாக இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். தூண்டிலில் மாட்டிய சுறா இரைப்பையையே வெளியே தள்ளி உள்ளே இருப்பதைக் கொட்டிவிடக்கூடும். கணவாயின் கடினமான அலகுகள் மட்டும் சில நேரம் மடிப்புகளில் ஒட்டிக் கிடக்கும். அவற்றைக் கழுவி எடுத்து வையுங்கள், எந்தக் கணவாய் என்று அதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

என் ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி திரெஷர் சுறா. உடம்பு எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு நீளம் வாலும் இருக்கும். ஒருநாள் இறக்கியதில் ஒன்றுக்கு வாயில் காயமே இல்லை, வாலின் மேல்மடலில் கொக்கி குத்திய ஓட்டை. படகை ஓட்டும் ஸ்ராங்கிடம் கேட்டேன். "இவன் வாயால கடிக்கதுக்கு முன்னாடி வாலால அடிப்பான் மக்ளே. இரை மயங்கின பொறவுதான் திம்பான். அதான் தூண்டல் வாலுல மாட்டிக் கெடக்கு" என்றார். பிலிப்பைன்ஸின் பெஸ்கடோர் தீவருகே திரெஷர் சுறாக்கள் வாலைத் தலைக்கு மேலே சவுக்காக வீசி மத்தி மீன்களை அடிப்பதைக் கடலுக்கடியில் படம்பிடித்து, ஆய்வாளர்கள் 2013-ல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்ராங்கு அந்தக் கட்டுரையைப் பார்த்ததில்லை. கொக்கி எங்கே மாட்டியிருந்தது என்பதற்கு அன்றே படிவத்தில் தனியாக ஒரு கட்டம் சேர்த்தேன். உங்கள் படிவத்திலும் சேருங்கள்.

இடம் பற்றிக் கேட்பது கொஞ்சம் பக்குவமாகச் செய்ய வேண்டியது. ஜிபிஎஸ் புள்ளியைக் காட்டச் சொன்னால் யாரும் காட்ட மாட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு. கடல் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் என்று மட்டும் கேட்டேன், சொன்னார்கள். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் இந்த ஊர்களிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் ஏராளம். வரைபடத்தில் சில இடங்களில் விரல் வைக்கும்போது பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் படிவத்தை மூடி வைத்துவிட வேண்டும். தரவு அடுத்த நடையில் கிடைக்கும்.

சட்டத்தைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் உங்களிடம்தான் கேட்பார்கள். திமிங்கலச் சுறா 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறிவதற்கு 2013-ல் தடை வந்தது, துடுப்பு ஏற்றுமதிக்கு 2015-ல். திரெஷர் வகைகளைப் படகில் வைத்துக்கொள்ளவே கூடாது என்பது இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தின் தீர்மானம். தீர்மானம் சரியானதுதான். திரெஷர் வகைகளில் ஒன்றான பெலாஜிக் திரெஷர் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டிகள் போடும், பிடிப்புக்கு ஈடுகொடுத்துப் பெருகவே முடியாது. ஆனால் இரவெல்லாம் தூண்டிலில் கிடந்தது விடியலில் செத்தே வருகிறது என்கிறார்கள் படகுக்காரர்கள். செத்ததைக் கடலில் எறிந்தால் சுறாவுக்கு லாபம் இல்லை. தூண்டில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, எந்த ஆழத்தில் போடுவது என்பதையெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் கரையில் அபராதம் பற்றி மட்டும் பேசுவது பலன் தராது என்பதே என் கருத்து. குஜராத்தில் வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை மீனவர்களே வலையை அறுத்து விடுவிக்கிறார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. அதிலிருந்து கற்றுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது.

சுறாவின் வயதைக் கணிக்கும் ஆய்வக வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழே இருக்கும் முதுகெலும்புக் கண்ணிகளை எடுத்து, சதையை நீக்கி, காய வைத்து, மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் வெளுப்பும் கறுப்புமாக வளையங்கள் தெரியும். ஆண்டுக்கு ஒரு ஜோடி என்று எடுத்த எடுப்பில் வைத்துக்கொள்ளக்கூடாது. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும், வயதான சுறாக்களில் வளையம் விழுவது நின்றும் போகலாம். இரண்டு பேர் ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல் எண்ண வேண்டும். நீளத்தைத் தெரிந்துகொண்டு எண்ணினால் கண் அதற்கேற்ற எண்ணைத் தேட ஆரம்பித்துவிடும், ஆகவே சீட்டில் மாதிரி எண் மட்டும் இருக்கட்டும்.

இத்தனை செய்தும், ஒரு சுறா உயிரோடு எங்கே போய்வருகிறது என்பதைத் துறைமுகம் சொல்லாது. அதற்குச் செயற்கைக்கோள் டேக் வேண்டும். முதுகில் பொருத்தினால் ஆழம், வெப்பம், வெளிச்சம் மூன்றையும் மாதக்கணக்கில் பதிந்துகொண்டு, குறித்த நாளில் தானே கழன்று மிதந்து தரவை அனுப்பும். சூரியன் எழும் நேரத்தையும் விழும் நேரத்தையும் வைத்து இடத்தைக் கணக்கிடுவார்கள். 2003-ல் தென்னாப்பிரிக்காவில் டேக் பொருத்திய நிகோல் என்ற வெள்ளைச் சுறா 99 நாளில் ஆஸ்திரேலியக் கரையை எட்டியது இப்படித்தான் தெரிந்தது. மறு ஆண்டே அது திரும்பி வந்ததை முதுகுத் துடுப்பின் புகைப்படத்தைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். ஒரு டேக்கின் விலை லட்சங்களில். நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். உயிரோடு ஏறும் திரெஷரில் டேக் பொருத்தி விட்டுவிட இரண்டு படகுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். கொக்கி வாலில் மாட்டியதா வாயில் மாட்டியதா என்பதைப் பொறுத்து விட்டபின் பிழைப்பது மாறுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். அந்தக் கேள்வியைச் சொன்னதும் அந்த ஸ்ராங்கே.