பத்து மணி நேரம் உட்கார ஒரு சைக்கிள் சீட்

பிரவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 200 கி.மீ. பிரவேயை முடிக்க 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். டீ, சாப்பாடு, கன்ட்ரோலில் (வழியில் நேரம் பதியும் இடம்) நிற்பது எல்லாம் கழித்தாலும் ஒன்பது, பத்து மணி நேரம் சீட்டில்தான். 600 கி.மீ.க்கு 40 மணி நேரம். கால் ஓய்வதற்கு முன்பே உட்காரும் இடம் ஓய்ந்துவிடும். எனக்குச் சரியான சீட் அமைய மூன்று சீட்டும் ஆறு மாதமும் ஆயின. அளவெடுக்காமல் வாங்கியதால்தான் அத்தனை நாள். அதனால் அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

சீட்டில் நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் முனைகள். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு. பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அதிகம். ஆள் ஒல்லியா பருமனா என்பதை வைத்து அதை ஊகிக்க முடியாது. அளக்க ஒரு நெளிவு அட்டை போதும். மாம்பழ சீசனில் சேலத்தில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. மடிப்பு விழாத துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான மர ஸ்டூலில் அதைப் போட்டு, மெல்லிய ட்ரவுசரோடு உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரும்படி காலடியில் செங்கல் வைத்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்தால் அட்டையில் இரண்டு குழி இருக்கும். தெளிவாகத் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். குழியில் மட்டும் வெள்ளை படாது. குழியின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். மூன்று முறை எடுத்து, மூன்றும் 3 மி.மீ.க்குள் ஒத்துவந்தால் நம்பலாம். பெரும்பாலோருக்கு 100 முதல் 140 மி.மீ.க்குள் வரும். எனக்கு 124.

இதோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் வாங்க வேண்டிய சீட்டின் அகலம் கிடைக்கும். சீட்டில் குறித்திருக்கும் அகலம் விளிம்புக்கு விளிம்பு எடுத்தது. ஓரங்கள் கீழே வளைந்து போவதால் எலும்பு உட்காரும் தட்டையான பகுதி அதைவிடக் குறைவு, அதற்காகத்தான் கூட்டுவது. தாழக் குனிந்து ஓட்டுபவருக்கு 20 போதும், ஏனென்றால் இடுப்பு முன்னால் உருளும்போது அந்த எலும்பின் குறுகலான பகுதிதான் சீட்டில் படுகிறது. நிமிர்ந்து ஓட்டுபவருக்கு 30 வேண்டும். என் கணக்கு 149க்கு வந்தது. கடையில் 143, 155 என்றுதான் இருந்தன. நீண்ட ஓட்டத்தில் களைத்தபின் எல்லோருமே நிமிர்ந்துவிடுவதால் 155ஐ எடுத்தேன்.

முதல் சீட், சைக்கிளோடு வந்தது, மெத்தென்று இருந்தது. அதன்மேல் ஜெல் கவரும் போட்டது பெரிய தவறு. எலும்பு மெத்தையில் அமிழும்போது நடுவில் உள்ள நுரை மேலெழுந்து, இரண்டு எலும்புக்கும் இடையே உள்ள மென்மையான பகுதியை அழுத்தும். நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் இடம் அது, மரத்துப்போவது அதனால்தான். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ‘சாஃப்டா இருக்கு’ என்று வாங்கும் சீட் 20 கி.மீ.க்குச் சுகம். 80 தாண்டினால் உட்கார முடியாது. இரண்டாவது சீட், 130 மி.மீ. ரேஸ் சீட், கெட்டியானது. ஆனால் எனக்குக் குறுகல். எலும்பு ஓரத்திலிருந்து நழுவியதும் எடை மறுபடி நடுவுக்கே வந்தது.

மூன்றாவது, நடுவில் திறப்பு உள்ள, மூக்கு குட்டையான வகை. சாதாரண சீட் 270, 280 மி.மீ. நீளம் இருக்கும், இது 240. மாட்டும்போது இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பழைய சீட்டின் மூக்கு இருந்த இடத்திலேயே புதியதின் மூக்கையும் வைத்தால் உட்காரும் இடம் 3 செ.மீ.க்கு மேல் முன்னால் போய்விடும், முழங்கால் வலிக்கும். மூக்கை விட்டுவிடுங்கள். சீட்டின் அகலம் சரியாக 80 மி.மீ. ஆகும் இடத்தைப் பழையதிலும் புதியதிலும் டேப் ஒட்டிக் குறித்து, அந்தக் குறியிலிருந்து ஹேண்டில்பார்வரை உள்ள தூரத்தை இரண்டிலும் ஒன்றாக வையுங்கள். உயரத்தையும் மறுபடி அளக்க வேண்டும்: அடியில் உள்ள கம்பியிலிருந்து மேல்தளம்வரை உள்ள உயரம் சீட்டுக்குச் சீட்டு ஒன்றிரண்டு செ.மீ. மாறும். உள்கால் நீளத்தை (கவட்டிலிருந்து தரைவரை) 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின், அதாவது பெடல் கைகள் சுழலும் அச்சின், நடுவிலிருந்து சீட்டின் மேல்தளம்வரை இருக்க வேண்டிய உயரம் வரும். 80 செ.மீ. என்றால் 70.6. இது தொடக்கம்தான். பின்னாலிருந்து ஒருவர் பார்க்கும்போது இடுப்பு இடம் வலம் ஆடினால் உயரம் அதிகம், 3 மி.மீ., 3 மி.மீ. ஆக இறக்குங்கள். தொடை உரசலுக்குச் சீட்டைக் குறைசொல்லும் பலருக்கு உண்மையான காரணம் இந்த ஆட்டம்தான்.

சாய்வு வைக்கக் கொத்தனாரின் ரசமட்டம் போதும். முதலில் தரையைப் பாருங்கள். நம் வீட்டு வாசலும் மொட்டை மாடியும் தண்ணீர் வடியச் சரிவாகப் போட்டவை. அங்கே வைத்த மட்டம் மட்டமே இல்லை. சீட்டின் மேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். இரண்டு போல்ட் உள்ள சீட் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கும் குழாய்) கால் சுற்று கால் சுற்றாகத் திருத்தலாம். பல் வைத்த ஒற்றைப் போல்ட் வகையில் ஒரு பல் தாண்டினாலே சாய்வு அதிகமாக மாறிவிடும். சீட்டைத் தேடும் நாட்களிலாவது இரண்டு போல்ட் போஸ்ட் இருப்பது நல்லது.

சோதனைக்குச் சேலம் அருமையான ஊர். வடக்கே போனால் மலை, கிழக்கே போனால் சமவெளி. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் ஏற்காடு. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். 5 சதவீத ஏற்றத்தில் சைக்கிளே ஏறக்குறைய 3 டிகிரி பின்னால் சாய்கிறது. வீட்டில் மட்டமாக வைத்த சீட்டின் மூக்கு மலையில் 3 டிகிரி தூக்கி நிற்கும். முன்பக்கம் அழுத்துகிறதே என்று மூக்கை நிறைய இறக்கிவிட்டால் சமவெளியில் உடல் முன்னால் வழுக்கி, எடை கைக்குப் போய், உள்ளங்கை மரக்கும். எனக்கு ஒன்றரை டிகிரி இறக்கத்தில் இரண்டும் ஒத்துவந்தன.

ஏற்காட்டில் தேறிய சீட் நீண்ட ஓட்டத்துக்கும் தேறும் என்று நம்பிவிடக் கூடாது. ஏற்றத்தில் பெடலை பலமாக மிதிக்கிறோம். அந்த மிதியே உடலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், சீட்டில் எடை குறையும். வாழப்பாடி வழியாக ஆத்தூர் போகும் நெடுஞ்சாலையில் லேசான மிதியோடு மணிக்கணக்கில் ஒரே நிலையில் உட்கார்ந்திருப்போம். உண்மையான பரீட்சை அங்கேதான். போக 50, வர 50. அந்த 130 மி.மீ. சீட் மலையில் ஒரு குறையும் காட்டவில்லை. ஆத்தூரிலிருந்து திரும்பும் வழியில்தான் தோற்றது. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். உயரத்தையும் சாய்வையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கண்டுபிடிக்க முடியாது.

வலி எங்கே என்பதே பாதி விடை. எலும்பு முனையில் மட்டும் கன்றிய வலி என்றால் முதல் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம், பழகும். முன்பக்கம் மரத்துப்போனால் பொறுக்கவே கூடாது. உடனே இறங்கி நின்று, சாய்வையும் அகலத்தையும் பாருங்கள். மரப்பு மறுநாளும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் புண்ணானால் சீட் நேராகப் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன்பிறகே கால் நீள வித்தியாசம்.

தோல் சீட்டும் நல்ல தேர்வுதான். புரூக்ஸ் பி17 போன்றவை அரைக் கிலோவுக்கு மேல் எடை. சில நூறு கி.மீ. ஓட்டினால் எலும்பு படும் இடத்தில் குழிந்து நம் உடலுக்கு அமைந்துவிடும். நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் மட்டும் தொய்ந்துவிடும். ஏற்காட்டு மழையில் ஓட்டுபவர் உறையும், அடியில் தண்ணீர் அடிக்காமல் மட்கார்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேலத்து வெயிலில் இன்னொரு எதிரி வியர்வை. உப்பு காய்ந்து ஷார்ட்ஸின் உள்ளே உள்ள பேடில் படிந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி வேண்டாம், அதன் தையலே வெட்டும். கிளம்பும் முன் உரசும் இடத்தில் கிரீம். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று அரை நிமிடம் மிதியுங்கள். 300க்கு மேல் போனால் மாற்று ஷார்ட்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும்.

எல்லாம் அமைந்தபின் சீட் போஸ்ட்டில் உயரத்துக்கு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். உயரம், 80 மி.மீ. குறியிலிருந்து ஹேண்டில்பார்வரை உள்ள தூரம், சாய்வு ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். ரயிலில் போடச் சைக்கிளைக் கழற்றினால், அடுத்த ஊரில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுதிவைத்த அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டியிருக்கும்.